மெக்கானிக்கலா எலெக்ட்ரிக்கா? பழைய டீசல் கொறோலாவுக்கு எந்த மீற்றர் பூட்டலாம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்களிடம் இருப்பது சிஇ 106 கொறோலா, 2சி டீசல் எஞ்சின். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஏ9 வீதி வழியாக அடிக்கடி கொழும்புக்கு ஓடுகிறீர்கள். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற டாஷ்போட் மீற்றரில் நம்பிக்கை போய்விட்டது. ஒயிலுக்கு ஒரு சிவப்பு லைற் மட்டும்தான் இருக்கிறது. அதனால் வெளியில் வாங்கித் தனியாக மீற்றர் பூட்ட நினைக்கிறீர்கள். மெக்கானிக்கல்தான் உண்மையைக் காட்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சுடுஒயில் ஓடுகிற குழாயைக் கால்மாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், எலெக்ட்ரிக் போடு என்று கராஜில் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு மீற்றரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒயில் பிறஷருக்குப் பொருந்துகிற நியாயம் தண்ணீர்ச் சூட்டுக்குப் பொருந்தாது. என்னுடைய முடிவை முதலிலேயே சொல்கிறேன்: தண்ணீர்ச் சூட்டுக்கு மெக்கானிக்கல், ஒயில் பிறஷருக்கு எலெக்ட்ரிக். இதில் எது துல்லியமானது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, அந்த மீற்றர் பழுதாகிற நாளில் முள் எங்கே போய் நிற்கும் என்பதை. நல்ல நிலையில் இருக்கும்போது இரண்டுமே போதுமான அளவு சரியாகத்தான் காட்டும். வயர் அறுந்த நாளில், குழாய் வெடித்த நாளில் முள் என்ன சொல்கிறது என்பதில்தான் உங்கள் எஞ்சினின் உயிர் இருக்கிறது.

மெக்கானிக்கல் ஒயில் மீற்றரில் இருந்து தொடங்குவோம். அதற்குள் இருப்பது வளைத்த, தட்டையான ஒரு உலோகக் குழாய். 1849 இல் பிரான்சைச் சேர்ந்த யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் சுருள் காகித ஊதுகுழலை ஊதினால் நிமிர்கிறது அல்லவா, அதேபோல உள்ளே அழுத்தம் ஏறும்போது அந்தக் குழாய் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறிய அசைவை ஒரு பற்சில்லு பெருக்கி முள்ளுக்குக் கொடுக்கிறது. பற்றரி வேண்டாம், சென்சர் வேண்டாம், எர்த் (மின்சாரம் பற்றரியின் நெகற்றிவுக்குத் திரும்பும் இணைப்பு) வேண்டாம். எஞ்சினுக்குள் இருக்கிற ஒயிலின் அழுத்தம் நேராக முள்ளின் முதுகுக்கு வருகிறது. முள்ளும் பெரும்பாலும் முக்கால் வட்டம், அதாவது 270 பாகை வரை சுழலும். அதனால் 2 அல்லது 3 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) குறைந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியும். உங்கள் நண்பர் சொல்கிற உண்மை இதுதான்.

கராஜில் சொல்கிற உண்மை அந்தக் குழாயில் இருக்கிறது. எஞ்சினில் இருந்து டாஷ்போட் வரை ஒரு மெல்லிய நைலோன் அல்லது செப்புக் குழாய் வருகிறது, அதற்குள் சுடுஒயில் முழு அழுத்தத்தோடு நிற்கிறது. நைலோன் குழாய் எக்ஸோஸ்ற் பக்கம் தொட்டால் உருகும். வருடங்கள் போகப் போகச் சூட்டில் காய்ந்து முறியும். செப்புக் குழாய் உருகாது, ஆனால் அதிர அதிர விறைத்துப்போய் இணைப்புக்கு அருகில் வெடிக்கும். 2சி எஞ்சின் ஐட்லிங்கில் எப்படி உதறும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் ஆடுகிறது, பொடி ஆடவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள குழாய்தான் அந்த ஆட்டம் முழுவதையும் வாங்குகிறது. அது எஞ்சின் பக்கத்தில் வெடித்தால் ஒயில் எக்ஸோஸ்றில் விழுந்து புகை, சிலவேளை நெருப்பு. உள்பக்கம் வெடித்தால் உங்கள் காலில் விழும். இரவில் மாங்குளம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நைலோனையும் செப்பையும் விட்டுவிட்டு, மேலே எஃகுக் கம்பி பின்னிய மெல்லிய ஹோஸ் போட வேண்டும். எஞ்சின் பக்கத்து இணைப்பில் ஊசித்துளை அளவான ஒரு தடுப்பு வைக்க வேண்டும், அப்போது ஹோஸ் வெடித்தாலும் ஒயில் பீறிடாமல் மெதுவாகத்தான் கசியும். தகட்டைத் துளைத்து உள்ளே கொண்டுவருகிற இடத்தில் றப்பர் வளையம் கட்டாயம். பந்தய வண்டிக்காரர்கள் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு ஓடுகிற காருக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

எலெக்ட்ரிக் ஒயில் மீற்றரில் ஒயில் எஞ்சினோடு நின்றுவிடும். எஞ்சினில் பூட்டிய சென்சருக்குள் ஒரு மெல்லிய தகடு அழுத்தத்துக்கு ஏற்ப அசையும். அது ஒரு மின்தடையை மாற்றும், அந்த மாற்றம் ஒரு வயரில் உள்ளே வந்து முள்ளை அசைக்கும். வயர் அறுந்தால் ஒரு சொட்டு ஒயிலும் போகாது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, மீற்றர் மட்டும் தவறாகக் காட்டும்.

அது எப்படித் தவறாகக் காட்டும் என்பது எந்த வகைச் சென்சர் என்பதைப் பொறுத்தது. இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜேர்மனியின் விடிஓ நிறுவன வகையில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம். இந்த வகையில் வயர் அறுந்தால் முள் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். சாவியைப் போட்டபடி எஞ்சின் நிற்கும்போதும் கீழே இறங்காது, ஆகவே பார்த்த உடனேயே பழுது என்று தெரிந்துவிடும். அமெரிக்க வகையில் இது தலைகீழ், அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். அதில் வயர் அறுந்தால் முள் பூச்சியத்தில் விழும். நீங்கள் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டுவீர்கள். ஒரு வீண் பயம், அவ்வளவுதான். இரண்டுமே பாதுகாப்பான பக்கத்துப் பழுதுகள். எஞ்சின் சாகிறபோது எல்லாம் நலம் என்று இவை சொல்லப்போவதில்லை. வேறு எலெக்ட்ரிக் மீற்றர் வைத்திருப்பவர்கள் சென்சர் வயரை ஒருமுறை கழற்றிப் பார்த்துத் தங்களுடையது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் விளங்கும். ஒரு வகைச் சென்சரை மற்ற வகை மீற்றரோடு இணைத்தால் முள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சென்சர் பழுதானதும் கடையில் திருகுப் புரி பொருந்துகிற ஏதோ ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு, எஞ்சினில் பிறஷர் இல்லை என்று ஒயில் பம்பைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் மீற்றரையும் சென்சரையும் ஒரே பெட்டியில் வாங்குங்கள். முடிந்தால் அதே சென்சர் இன்னொன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

இனித் தண்ணீர்ச் சூடு. உங்கள் வண்டிக்கு உண்மையில் முக்கியமான மீற்றர் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன்.

2சி எஞ்சினின் புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவிலுள்ள கஸ்கற் போகும், வால்வுகளுக்கு இடையில் வெடிப்பு விழும். 2சி எஞ்சினோடு பழகிய எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஹெட் வெடிப்பைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். டாஷ்போட் மீற்றரில் எண்களே கிடையாது, சி எழுத்துக்கும் எச் எழுத்துக்கும் நடுவில் ஒரு முள் மட்டும். அதுவும் மெதுவாக அசைகிற முள். அது எச் பக்கம் ஏறி உங்கள் கண்ணில் படும்போது ஹெட்டுக்குள் காரியம் முடிந்திருக்கலாம். ஆகவே எண்கள் உள்ள மீற்றர் ஒன்று வேண்டும் என்ற உங்கள் எண்ணம் மிகச் சரியானது.

மெக்கானிக்கல் சூட்டு மீற்றர் உண்மையில் ஒரு பிறஷர் மீற்றர்தான். தண்ணீருக்குள் நிற்கும் குமிழில் எளிதாக ஆவியாகும் ஒரு திரவம் அடைத்திருப்பார்கள், பழைய காலத்தில் பெரும்பாலும் ஈதர். தண்ணீர் சூடாக அந்தத் திரவம் ஆவியாகி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் தலைமயிர்த் துளை உள்ள நீண்ட செப்புக் குழாய் வழியாக வந்து, ஒயில் மீற்றரில் உள்ள அதே வளைந்த குழாயை நிமிர்த்தும். ஆவி அழுத்தம் சூடு ஏற ஏற வேகமாக ஏறுவதால் முகப்பில் கீழ் எண்கள் நெருங்கியும் மேல் எண்கள் அகன்றும் இருக்கும். இது குறையல்ல, நன்மை. 40 பாகை செல்சியஸில் துல்லியம் யாருக்கு வேண்டும்? 85 க்கும் 110 க்கும் இடையில்தான் உங்களுக்குக் கண் வேண்டும். அங்கேதான் இந்த மீற்றர் அகலமாகக் காட்டுகிறது.

இந்தக் குழாய் உள்ளே வருவதில் ஒயில் குழாயில் உள்ள ஆபத்து இல்லை. எஞ்சின் தண்ணீர் அதற்குள் வருவதில்லை, மூடி முத்திரையிட்ட அமைப்பு அது. உள்ளே இருப்பது மிகச் சிறிய அளவு திரவம். ஆனால் அந்தக் குழாயை வெட்டவோ நீட்டவோ முடியாது. ஒருமுறை கூர்மையாக மடிந்தால் மீற்றர் முடிந்தது. மிச்சமாக இருக்கும் நீளத்தைக் கைப்பிடி அகலத்துக்குச் சுருளாகச் சுற்றி, எஞ்சின் ஆட்டத்தை அந்தச் சுருள் வாங்குகிற மாதிரிக் கட்டி வையுங்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சீர்செய்கிறவர்கள் ஸ்மித்ஸ் மீற்றர்களில் அறுந்த குழாயை வேறொரு மலிவான மீற்றரின் குமிழோடு ஈயப்பற்று வைத்து ஒட்டுவார்கள். திரவம் பறந்துவிடாமல் குமிழை உப்பும் ஐசும் கலந்த பாத்திரத்தில் அமிழ்த்திவைத்துச் செய்கிற நுணுக்கமான வேலை. ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

எலெக்ட்ரிக் சூட்டுச் சென்சரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். விடிஓவின் 120 பாகைச் சென்சரில் 40 பாகையில் ஏறத்தாழ 287 ஓம், 100 பாகையில் 38 ஓம் அளவில் நிற்கும். இப்போது வயர் அறுந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தடை முடிவில்லாமல் பெரிதாகிறது, மீற்றர் அதைக் குளிர் என்று வாசிக்கிறது. எர்த் பழுதானாலும் இதே கதைதான். துருப்பிடித்த இணைப்பு 20 ஓம் தடையைக் கூட்டினால், 100 பாகைச் சூட்டை மீற்றர் ஏறத்தாழ 85 இல் காட்டும். அதாவது பழுது முழுவதும் ஆபத்தான பக்கம்தான் சாய்கிறது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் அமைதியாக நிற்கும். நான் மெக்கானிக்கல் பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம். மெக்கானிக்கலில் குழாய் அறுந்தாலும் முள் கீழேதான் விழும், உண்மை. ஆனால் அது ஒரேயடியாக விழுந்து திரும்ப எழும்பாது, அடுத்த தடவை எஞ்சின் சூடான பிறகும் முள் அசையாததைப் பார்த்துப் பழுது என்று தெரிந்துகொள்வீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் துருப்பிடித்து, நம்புகிற மாதிரி ஒரு தவறான எண்ணைக் காட்டுவது எலெக்ட்ரிக்கில்தான் நடக்கும்.

எங்கள் ஊரில் இந்தத் துருப் பயம் சாதாரணமானதல்ல. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. பருத்தித்துறை, காரைநகர் பக்கம் வண்டியை வெளியில் விடுகிறவர்களும், பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பகுதிக்கு ஓடுகிறவர்களும் பொனற்றைத் திறந்து டேர்மினல்களைப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எலெக்ட்ரிக் மீற்றர் போடுவதென்றால் சென்சரின் எர்த்தை எஞ்சின் துருவோடு விட்டுவிடாமல் தனி வயரில் எடுத்து, பற்றரியின் நெகற்றிவ் போகிற இடத்திலேயே சேர்க்க வேண்டும். ஒற்றை டேர்மினல் உள்ள சென்சர் தன் புரி வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அந்தப் புரியில் வெள்ளை ரேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினால் எர்த் பலவீனமாகும். பசை வகை சீலன்ற் கொஞ்சமாகப் பூசுங்கள், முதல் இரண்டு புரியை வெறுமையாக விடுங்கள். பூட்டி முடித்ததும் ஒரு சோதனை: இரவில் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றை ஏற்றி அணைத்துப் பாருங்கள். முள் துள்ளினால் எர்த் சரியில்லை.

குமிழைப் பூட்டுகிற இடம் சரியாக அமையாவிட்டால் இவ்வளவு யோசித்ததும் வீண். சென்சரோ குமிழோ, அது ஹெட்டில் இருந்து வருகிற தண்ணீரைத் தொட வேண்டும். ரேடியேற்றரின் மேல் ஹோஸை வெட்டி அதில் ஒரு அலுமினியத் துண்டைச் செருகிச் சென்சர் பூட்டுவது இப்போது பலர் செய்யும் சுலப வழி. தேர்மோஸ்ராற் (தண்ணீர் சூடானதும் திறக்கிற வால்வு) அந்த ஹோஸுக்கு முன்னால் இருக்கிற எஞ்சினாக இருந்தால் இது கூடாது. தேர்மோஸ்ராற் மூடியபடி இறுகிப்போனால் ஹெட் கொதிக்கும், ஹோஸில் தண்ணீர் ஓடாது, மீற்றர் குளிர் என்று சொல்லும். முதலில் தேர்மோஸ்ராற் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஹோஸில்தான் பூட்ட வேண்டியிருந்தால், இரண்டு பக்கமும் றப்பர் என்பதால் அந்த அலுமினியத் துண்டுக்கு எர்த்தே கிடையாது, எலெக்ட்ரிக் சென்சர் என்றால் அதற்கும் தனி வயர் வேண்டும்.

மெக்கானிக்கல் குமிழுக்கு இன்னொரு தடை, அதன் பருமன். சிவப்பு லைற்றை எரியவைக்கிற ஒயில் சுவிச் இருக்கிற மாதிரியான எட்டில் ஒரு அங்குலத் துளைக்குள் அது போகாது. மீற்றரை வாங்குவதற்கு முன் ஹெட்டிலும் தண்ணீர் வெளியேறும் கழுத்திலும் அடைத்து வைத்திருக்கும் துளை ஏதும் இருக்கிறதா, அதன் அளவு என்ன என்று கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய துளை இருந்தால் மெக்கானிக்கல். சிறிய துளை மட்டும் என்றால், அந்தக் கழுத்தைக் கழற்றிக் கடைசல் பட்டறையில் ஒரு கொட்டை ஒட்டிப் புரி வெட்டலாம். அதற்கு மனம் இல்லையென்றால் எலெக்ட்ரிக் போட்டு, மேலே சொன்ன எர்த் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள்.

புரியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துவிடுகிறேன். ஜப்பான் எஞ்சின்களில் ஒயில் சுவிச் துளை பெரும்பாலும் பிரித்தானிய முறைப் புரி, அங்குலத்துக்கு 28 வரிகள். அமெரிக்க மீற்றர்களோடு வருகிற இணைப்பு அங்குலத்துக்கு 27 வரிகள், புரியின் கோணமும் வேறு. இரண்டும் எட்டில் ஒரு அங்குலம்தான். கையால் இரண்டு சுற்றுச் சுகமாக ஏறும், பிறகு இறுகும். சரி, பொருந்திவிட்டது என்று சாவியால் முறுக்கினால் ஒழுக்கு, அல்லது புரி நாசம். விடிஓ சென்சர்கள் சில 10 மில்லிமீற்றர் புரியோடு வரும். சரியான அடப்டர் வாங்குங்கள், முறுக்கிச் சமாளிக்க வேண்டாம்.

ஒயில் சென்சருக்கு இடம் எடுக்கும்போது பழைய சிவப்பு லைற்றின் சுவிச்சைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த லைற் 5 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே போனால்தான் எரியும், அதனால் பிந்திய எச்சரிக்கைதான். ஆனாலும் மீற்றரைப் பார்க்காத ஒரு கணத்தில் அதுதான் கண்ணில் படும். இரண்டும் வேண்டுமென்றால் ரி வடிவ இணைப்பு ஒன்று போடுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரிக் பிறஷர் சென்சர் தலை பெருத்த, பாரமான பொருள். அதைப் பித்தளை ரியின் நுனியில் தொங்கவிட்டால் டீசல் எஞ்சினின் அதிர்வில் ரியின் கழுத்து முறியும். ஒயில் முழுவதும் தெருவில் போகும். எஞ்சினில் இருந்து ஒரு குட்டி எஃகுப் பின்னல் ஹோஸ் எடுத்து, ரியையும் சென்சரையும் பொடித் தகட்டில் கிளிப் போட்டு இறுக்குங்கள். அப்போது சென்சருக்குத் தனி எர்த் வயர் கட்டாயம். இந்த ஒரு வேலைக்குக் கூடுதலாகக் காசு கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

மற்ற மீற்றர்களைப் பற்றிச் சுருக்கமாக. வோல்ற் மீற்றர் எப்படியும் எலெக்ட்ரிக்தான். எஞ்சின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் நலம். பழைய கார்களில் இருந்த அம்மீற்றரைப் புதிதாகப் பூட்ட வேண்டாம், வண்டியின் மின்னோட்டம் முழுவதையும் தடித்த வயரில் டாஷ்போட்டுக்குக் கொண்டுவந்து திருப்ப வேண்டிவரும், ஒரு உராய்வில் தீப்பிடிக்கும். ரேர்போ உள்ள வண்டிக்காரர்கள் பூஸ்ற் மீற்றர் கேட்டால் மெக்கானிக்கல் போடலாம், அந்தக் குழாயில் வருவது காற்று மட்டும்தான். பெற்றோல் பிறஷர் மீற்றரை மட்டும் மெக்கானிக்கலாகக் காருக்குள் ஒருபோதும் வைக்கக்கூடாது. எக்ஸோஸ்ற் சூடு பார்க்கிற மீற்றர் இரண்டு உலோகங்கள் சேர்கிற இடத்தில் தானாக உண்டாகும் நுண்ணிய மின்னழுத்தத்தில் இயங்குவது, அதில் மெக்கானிக்கல் என்ற தெரிவே இல்லை.

வகொன் ஆர், அக்ஸியோ மாதிரிப் புதிய வண்டிக்காரர்கள் இதை வாசித்துவிட்டு ஹோஸை வெட்டப் போக வேண்டாம். அந்த வண்டிகளின் கணினி தண்ணீர்ச் சூட்டை ஏற்கனவே பாகைக் கணக்கில் அறிந்து வைத்திருக்கிறது. ஸ்ரியரிங்குக்குக் கீழுள்ள சொக்கற்றில் ஒரு சிறிய ரீடரைச் செருகினால் போனிலேயே பார்க்கலாம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளோடு எல்லா ரீடரும் பேசாது, வாங்குமுன் உங்கள் வண்டியில் செருகிப் பாருங்கள்.

எந்த மீற்றர் போட்டாலும், இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. தண்ணீர் போய்விட்டால் இரண்டுமே ஏமாற்றும். ஹோஸ் வெடித்து ரேடியேற்றர் வெறுமையாகும்போது குமிழோ சென்சரோ தண்ணீரில் இல்லை, காற்றில் நிற்கிறது. முள் கீழே இறங்கும். நீங்கள் சூடு குறைகிறது என்று ஆறுதலாக ஓடுவீர்கள், ஹெட் காய்ந்து சூடேறிக்கொண்டே போகும். 2சி வைத்திருக்கிற எல்லோருக்கும் நான் வற்புறுத்துவது, ஹெட்டின் உலோகச் சூட்டையே பார்க்கிற ஒரு அலாரம் பூட்டுங்கள். ஹெட்டில் உள்ள ஏதாவது சிறிய போல்ற் ஒன்றுக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு சென்சர் வைத்து இறுக்குவார்கள், ஹெட் போல்ற்றில் கை வைக்கத் தேவையில்லை. வைத்த அளவைச் சூடு தாண்டினால் கத்தும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்தும். ஏ9 இல் வெயிலோடு ஓடும்போது கண் வீதியில்தான் இருக்கும், ஆகவே காதுக்குக் கேட்கிற எச்சரிக்கை வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், ஒயில் மீற்றரைப் பிற்போட்டுவிட்டு இதைப் பூட்டச் சொல்வேன்.

கிணற்றுத் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல், கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையை எல்லோரும் பார்த்திருப்போம். அதே தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றிக்கொண்டே வந்தால் அதே வெள்ளை ரேடியேற்றர்க் குழாய்களிலும், புதிதாகப் பூட்டிய குமிழின் மேலும் படியும். மேலே கல் படிந்த குமிழ் சூட்டைப் பிந்தித்தான் உணரும். மீற்றர் பூட்டுகிற அன்றைக்கே பழைய தண்ணீரை முழுதும் இறக்கிக் கழுவிவிட்டு கூலன்ற் ஊற்றுங்கள், கலக்குவதென்றால் வடித்த தண்ணீரில் கலக்குங்கள். ரேடியேற்றர் மூடியையும் மாற்றுங்கள். 13 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காகப் பிடித்தால் தண்ணீர் 118 பாகை அளவில்தான் கொதிக்கும், பழுதான மூடியோடு 100 இலேயே கொதித்து வெளியேறும்.

பூட்டுவதற்கு முன் மீற்றரைச் சோதிக்க எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு ஒட்டிய தட்டை நிலம், இங்கே தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும், நுவரெலியாவில் அப்படி அல்ல. அடுப்பில் கேத்திலை வைத்துக் கொதிக்கவிட்டு, குமிழை அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் பிடியுங்கள். முள் 100 இல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று பாகை வித்தியாசம் பரவாயில்லை, எவ்வளவு கூடக் காட்டுகிறது அல்லது குறையக் காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். எலெக்ட்ரிக் என்றால் சென்சரின் உடலுக்கும் டேர்மினலுக்கும் இடையில் மல்ரிமீற்றரை வைத்து ஓம் பாருங்கள், தண்ணீர் கொதிக்கும்போது அட்டையில் எழுதிய எண்ணோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். மலிவான மூன்று மீற்றர்த் தொகுதிகளில் இந்தச் சோதனையில் தப்புவது குறைவு.

பூட்டி முடித்த பிறகு முதல் சில வாரங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஊருக்குள் ஓடும்போது எத்தனை பாகை, ஆனையிறவு வெளியில் மதிய வெயிலில் எத்தனை, ஏசி போட்டால் எத்தனை, சூடான எஞ்சினில் ஐட்லிங்கில் ஒயில் பிறஷர் எத்தனை, நிமிடத்துக்கு 2000 சுற்றில் எத்தனை. ஒயிலுக்கு 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கராஜ்க் கணக்கு, அதற்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். சூட்டுக்கு உங்கள் தேர்மோஸ்ராற்றில் பொறித்த எண்ணைப் பாருங்கள், 82 அல்லது 88 ஆக இருக்கலாம், வழமையான ஓட்டத்தில் முள் அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதற்குப் பிறகு அதே வீதியில், அதே வெயிலில், அதே சுமையோடு ஐந்து பாகை கூடக் காட்டினால் அடுத்த கொழும்புப் பயணத்துக்கு முன்னம் ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவக் கொடுங்கள், ஃபான் பெல்ற்றையும் தண்ணீர்ப் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். 100 ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்தி வேகத்தைக் குறையுங்கள். 105 இலும் ஏறிக்கொண்டு போனால் ஓரங்கட்டி, எஞ்சினை ஐட்லிங்கில் சில நிமிடம் விட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள், சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம். ஹெட் அலாரம் கத்தினால் மட்டும் ஐட்லிங் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.